ரெண்டாவது ஆட்டுக்காரர்கள்

ஊஞ்சப்பாளையத்தில் ஒரே ஆட்டின் கறியைத் தின்றவர்கள் அந்த ஆடு செரித்து முடியும்வரை ஒரே உடம்பாக இருந்த அந்த வருஷத்தில், மயிலாத்தாள் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ஆடுகள் தொங்கின. முதல் ஆடு அவசரக்காரர்களுடையது. திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்கிறவர்களும், விருந்தாளி வரப்போகிற வீட்டார்களும், நெஞ்செலும்பு வேறு யாருக்காவது போய்விடுமோ என்று விடிவதற்கு முன்பே பாத்திரத்தோடு வந்து நிற்கிறவர்களும் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். ரெண்டாவது ஆடு நிதானக்காரர்களுடையது. பல் விளக்கி, டீ குடித்து, பேப்பர் பார்த்து, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று விசாரித்துவிட்டு வருகிறவர்கள் அதற்குச் சொந்தக்காரர்கள்.

சந்தைக்குப் போய் ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து வாங்கிவருவதும், கடைக்குப் பின்னால் அதை அறுத்து உரித்துக் கொக்கியில் மாட்டுவதும் அவள் புருஷன் செங்கோடனின் வேலை. கொக்கியில் மாட்டியதோடு அவர் கைகழுவிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதற்குமேல் எல்லாம் மயிலாத்தாள்தான். புளியங்கட்டைக்கு முன்னால் காலைச் சப்பணமிட்டு உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்தே தொடையா, விலாவா, கொழுப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்து, வெட்டி, தேக்கிலையில் சுற்றிக் கொடுப்பாள். அவள் வெட்டிக் கொடுத்த கறியைக் குறை சொன்னவர் ஊரில் கிடையாது. ஆனால் அவள் வாயில் அந்தக் கறி பட்டதும் கிடையாது. விடிந்ததிலிருந்து அதையே முகர்ந்து கொண்டிருந்தவளுக்கு மதியம் தயிர் ஊற்றிய சோறும் ஒரு நார்த்தங்காய்த் துண்டும்தான் இறங்கும். மிஞ்சிய கழுத்துக்கறியைப் புருஷனுக்குச் சாறு வைத்துக் கொடுத்துவிட்டு, தான் தயிர்ச்சோறு தின்று அசந்து தூங்கிவிடுவாள்.

அது தை மாதத்தில் ஒரு விக்கலில் தொடங்கியது. டீக்கடை வேலுச்சாமி மதியம் குடல் வறுவலோடு சோறு தின்றுவிட்டுப் பெஞ்சில் சாய்ந்தவன் விக்கினான். அவன் விக்கிய அதே நொடியில் எதிர்ச்சாரியில் தையல்கடை ஜெயசீலி விக்கினாள், ஆலமரத்தடியில் சீட்டாடிக் கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் விக்கினார்கள், பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடமாடிக் கொண்டிருந்த மளிகைக்கடை திருவேங்கடமும் கல்லாவில் உட்கார்ந்தபடி அதே தாளத்தில் விக்கினார். வேலுச்சாமி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்ததும் எல்லாருக்கும் ஒன்றாக நின்றது. திருவேங்கடத்தின் பெண்டாட்டி மட்டும் கணவர் கழுத்து மாலையைப் பார்த்துக்கொண்டு, "யாரு வீட்டுல தின்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

இது எப்படி ஆயிற்று என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆடு, ஒரே உயிர், அது பல வயிற்றுக்குள் போனால் வயிறுகள் சொந்தமாகத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள நினைத்தது யாருக்கு எவ்வளவு என்பதைத்தான். அரைக்கிலோ வாங்கியவனுக்கு அரைக்கிலோ அளவுக்கும், எலும்பு மட்டும் வாங்கிச் சாறு வைத்தவனுக்கு லேசாகவும் வந்தது. திங்கட்கிழமை விடிந்து வெளிக்குப் போய்விட்டு வந்தால் அவனவன் அவனவனாகிவிட்டான். முக்கியமான இன்னொன்றையும் மாசி மாதத்தில் தெரிந்துகொண்டார்கள்.

மாசியில் வேலுச்சாமியின் மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரெண்டாவது ஆட்டின் கால்சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்தவளுக்குப் பொழுது சாயும்போது வலி கண்டது. அடுத்த நிமிஷம் ஊரில் ஆம்பளைகள் அங்கங்கே குந்தினார்கள். சீட்டாடியவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் லாரி நாச்சிமுத்து நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் கோகிலாவோ இரண்டு வலிக்கு நடுவில் நர்சிடம் டீ கிடைக்குமா என்று கேட்டாள். எல்லாருக்கும் பங்கு போய்விட்டதில் அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். பிள்ளை வெளியே வந்தபோது ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. மறுநாள் ரெண்டாவது ஆட்டுக்காரர்கள் வேலுச்சாமியின் கடைக்கு வந்து, பேர் வைக்கிறபோது தங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கறிக்கடை முன்னால் நிற்கிறவர்களின் பேச்சே மாறிப்போயிற்று. பங்காளிச் சண்டையில் இருந்த அண்ணன் தம்பிகள், தங்களை வேறு வேறு ஆட்டில் போடச் சொல்லிக் கேட்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரே ஆட்டில், அதுவும் ஒரே தொடைச் சப்பையில் வேண்டும் என்று கூச்சத்தோடு சொன்னார்கள். பல்வலிக்காரர்கள் வந்ததும் தாமாகவே சொல்லிவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு ஆனது. முட்டிவலிக்காரர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டிவலி எல்லாருக்கும் ஏற்கெனவே இருந்தது. தன் ஒற்றைத் தலைவலியைப் பதினைந்து வருஷமாக நம்பாத புருஷனுக்குக் கால்கிலோ அதிகமாக வாங்கிப் போட்டாள் ஜெயசீலி. மறுவாரத்திலிருந்து அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைச் சத்தமாக வைப்பதை விட்டுவிட்டான். இந்த வம்பே வேண்டாம் என்று சில பேர் பிராய்லர் கடைக்குப் போனார்கள். போனவர்கள் சில வாரத்திலேயே திரும்பி வந்து, "கோழி தின்னா என்னமோ தனியாக் கெடக்கற மாதிரி இருக்குதுங்கக்கா" என்றார்கள்.

யாரை யாரோடு சேர்ப்பது என்பது மயிலாத்தாளின் கையில் வந்து சேர்ந்தது. அவளும் அதைக் கறி வெட்டுகிற மாதிரியே, எங்கே எலும்பு, எங்கே மூட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

பங்குனி பிறந்ததும் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. அந்த ஊருக்கு மழை தப்பி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கிணறுகளில் தண்ணீரைப் பார்த்த கண்களெல்லாம் நரைத்த புருவத்துக்குக் கீழே இருந்தன. கிணறு என்றால் பிளாஸ்டிக் பையும் உடைந்த பொம்மையும் கிடக்கிற குழி என்றுதான் சின்னப் பிள்ளைகள் நினைத்தார்கள். பாறைக்கு அடியில் எங்கேயோ இருந்த ஈரத்தை ஆழ்குழாய் போட்டு உறிஞ்சி, நாச்சிமுத்து லாரியில் கொண்டுவந்து வீதி வீதியாக விட்டார். அந்த ஈரமும் மாசத்துக்கு மாசம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற லாரிக்காகக் குடங்கள் ராத்திரியிலிருந்தே வரிசையில் உட்கார்ந்திருந்தன.

அப்படிப்பட்ட வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறியும் சோறும் தின்றுவிட்டு வேர்த்து வழியப் படுத்துக் கிடந்த ரெண்டாவது ஆட்டுக்காரர்களின் வயிறு திடீரென்று நெஞ்சுக்கு ஏறியது. காலடியில் தரை இல்லை. காதில் காற்று கூவியது. அடுத்த கணம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு குளிர்ச்சி சாத்தியது. அப்படியொரு குளிர்ச்சி, எலும்பு மஜ்ஜையைத் தொட்டுவிட்டு வருகிற குளிர்ச்சி. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், ஏன் அடக்குகிறோம் என்று தெரியாமலேயே. பிறகு மேலே மேலே வந்து, ஒன்றாக வாயைத் திறந்து, 'ஹா' என்று மூச்சு விட்டார்கள். அதோடு ஒரு சந்தோஷம் வந்தது. காரணம் தெரியாத, யாருக்கும் எதுவும் பாக்கியில்லாத, வெறும் சந்தோஷம். வேர்வை அடங்கிய உடம்போடு அவரவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சின்ன வயசுக்காரர்கள் அதைப் பறக்கிற மாதிரி என்றார்கள், ராட்டினம் மாதிரி என்றார்கள். ஆசாரி பழனியப்பனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் வீதியில் வந்து நின்று, கைத்தடியைத் தரையில் தட்டி, "பறக்கறதுமில்ல, ஒரு மண்ணுமில்ல. இது கெணத்துல குதிக்கற குதி. மேட்டுல இருந்து, காலை மடக்கி, உக்காந்த குதி. நானெல்லாம் எத்தன குதி குதிச்சவன்!" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதன் அர்த்தம் தனக்கே அப்போதுதான் உறைத்தவராக, "அப்ப எவனுக்கோ ஒரு கெணறு ரொம்பிக் கெடக்குதப்பா" என்றார்.

அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு அந்தக் குதி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. ரெண்டாவது ஆட்டுக்கு ஆள் கூடிக் கூடி, முதல் ஆட்டை விற்பதே மயிலாத்தாளுக்குப் பாடாகிவிட்டது. நிதானக்காரர்களின் ஆட்டுக்கு அவசரக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். கறி வாங்கும்போதே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உற்றுப் பார்த்தார்கள். யார் தலையாவது ஈரமாக இருக்கிறதா, யார் கண்ணாவது சிவந்திருக்கிறதா என்று. வார நாட்களில் ஆளாளுக்குக் கிளம்பிப்போய்த் தெரிந்த கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கல்லைப் போட்டார்கள். கல் தரையில் விழுந்த சத்தமே எங்கும் கேட்டது.

நாச்சிமுத்துதான் அதை மயிலாத்தாளிடம் கொண்டுவந்தவர். ஆள் கடை முன்னால் வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மயிலா, உன்னாலதான் இதைக் கண்டுபுடிக்க முடியும். ஆளை இந்த ஆட்டுல இருந்து அந்த ஆட்டுக்கு மாத்திப் போட்டுட்டே வா. குதி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் அவன் இருக்கறான்."

"கண்டுபுடிச்சு என்னங்கண்ணா பண்ணப்போறீங்க?"

"என்ன பண்ணுவாங்க? லாரியை நிறுத்தி மோட்டாரைப் போடறதுதான். நான் என்ற ஊட்டுக்கா கேக்கறேன்? அங்க பாரு கொடத்தை." அவர் கை காட்டிய இடத்தில் வீதி முனைவரை காலிக்குடங்கள் நின்றன.

குடங்களைப் பார்த்த மயிலாத்தாள் சரியென்று தலையாட்டினாள். அதோடு, அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. ஊரே சிலிர்த்துச் சிலிர்த்துப் பேசுகிற அந்தக் குளிர்ச்சியை, கறி தின்னாத அவள் ஒருத்திதான் அறியாதவள். யார் அந்த ஆள்? இந்த ஊரில் இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு முகத்தில் காட்டாமல் நடமாடுகிற அந்த மனுஷன் யார்?

அவள் மாற்றிப் போட்டாள். கிழக்கு வீதிக்காரர்களை ஒரு வாரம் முதல் ஆட்டுக்குத் தள்ளினாள். குதி ரெண்டாவது ஆட்டிலேயே இருந்தது. மேற்கு வீதிக்காரர்களை மாற்றினாள். அப்போதும் அங்கேயே இருந்தது. தோட்டக்காரர்கள், பண்ணையம் வைத்திருப்பவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள் என்று யாரை எடுத்துப் போட்டாலும் குதி இடம் மாறவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டாவது ஆடு கழுத்து மிஞ்சாமல் விற்றுத் தீர்ந்துபோக, முதல் ஆட்டின் கழுத்துத்துண்டு ஒன்று விலைபோகாமல் கிடந்ததை வீட்டுக்கு எடுத்துவந்து குழம்பு வைத்தாள். அன்றைக்கு மதியம் ரெண்டாவது ஆட்டுக்காரர்கள் ஒரு சொட்டுக் குளிர்ச்சி இல்லாமல் வெந்துகொண்டு கிடந்தார்கள். முதல் ஆட்டுக்காரர்கள் கட்டிலில் துள்ளி எழுந்தார்கள்.

சாயங்காலம் வீதியெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மயிலாத்தாள் வாசலைக் கூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் மாற்றிப் போடவில்லை. மாறியது ஒரே ஒரு குழம்புச் சட்டி. அந்தச் சட்டியில் தின்றது ஒரே ஒரு ஆள்.

விளக்குமாறு கையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சோறு தின்று கை கழுவியதும், "ஆடு பாத்துட்டு வாரேன்" என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு போகிறவர் செங்கோடன். பொழுது இறங்கும்போது வருவார். ஒரு வாரமும் அவள் எங்கே என்று கேட்டதில்லை; அந்நேரம் அவள் தூக்கத்தில் இருப்பாள். கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு அப்போது வரவே இல்லை. தன் புருஷனின் சந்தோஷத்தை டீக்கடை வேலுச்சாமி அறிவான், தையல்கடை ஜெயசீலி அறிவாள், முட்டிவலிக் கிழவர்கள் எல்லாரும் அறிவார்கள், தான் மட்டும் அறிய மாட்டோம் என்பதுதான் அவளை உறுத்தியது.

நாச்சிமுத்து வந்து கேட்டபோது, "ஒண்ணும் புடிபடலீங்கண்ணா" என்றாள். வாழ்க்கையில் அவள் எடையில் பொய் சொன்னதில்லை. இது அந்த மாதிரி ஒரு பொய்யாக அவளுக்குள் கனத்தது.

அடுத்த ஞாயிறு மதியம் செங்கோடனுக்குப் பக்கத்தில் அவளும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கறியை அள்ளிப் போட்டுக்கொண்டவளை அவர் பார்த்தார்.

"என்ன புள்ள, அதிசயமா இருக்குது?"

"ஏன், நான் திங்கக் கூடாதுங்களா?"

"தின்னு, தின்னு" என்றார். அதற்குமேல் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அவர் போன பிறகு மயிலாத்தாள் சிமெண்டுத் தரையில் தலைக்குக் கை வைத்துப் படுத்துக் காத்திருந்தாள். வெயில் ஓட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவள் வயிறு நெஞ்சுக்கு ஏறியது. 'ஐயோ' என்று வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் அவளை மூடியது. உடம்பு முழுக்கச் சில்லென்று ஆகி, ரவிக்கைக்குள் வேர்வை குளிர்ந்து, காலையிலிருந்து கத்தி பிடித்துக் காய்ந்து கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்குள் இப்படியொரு இடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. கோபப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தவள், கோபம் வராமல், மேலே வந்து மூச்சு விட்டாள்.

பொழுது இறங்கி அவர் வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தக் கெணறுங்க அது?"

செங்கோடன் மொபெட்டை ஸ்டாண்டில் போட்டார். போட்டதைச் சரிபார்த்தார். பிறகு அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"புகையிலைத் தோட்டத்துக் கெணறு. தோட்டத்துக்காரங்க திருப்பூர் போயி ரொம்ப நாளாச்சு. தடமெல்லாம் முள்ளு மூடிப்போயி ஆரும் அந்தப் பக்கம் போறதில்ல. வாங்கின ஆடு ஒண்ணு கயித்தை அத்துக்கிட்டு ஓடிப்போச்சு பாரு, அதைத் தேடிட்டுப் போனப்பப் பாத்தேன். பாறையில விரல் மொத்தத்துக்கு ஒரு ஊத்து. அது மட்டும் நிக்காம வருது."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"நீ அலுத்துப் படுத்திருப்ப." அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "காத்தால இந்தக் கையில நான் பண்ற வேலை உனக்குத் தெரியும். பின்னால நின்னு பண்றனே, யாரும் பாக்கறதில்ல. தண்ணிக்குள்ள போயிட்டா எனக்குக் கையிருக்கறதே மறந்து போகுது. அதைப் போயி என்னன்னு சொல்றது?"

"ஊருக்கே தெரியுதுங்களே."

"ஊருக்குக் குளுந்தது தெரியும். குதிச்சது யாருன்னு தெரியாதல்ல." மொபெட்டைப் பார்த்தபடி, "ஊரே எங்கூடக் குதிக்குதுன்னு நெனைச்சா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

மயிலாத்தாள் எழுந்து உள்ளே போகிறபோது சொன்னாள்: "வர்ற வாரம் நானும் வாரேன்."

அந்த ஞாயிறு இருவரும் ரெண்டாவது ஆட்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். ரோட்டை விட்டு இறங்கி, வேலிமுள் கிழித்த தடத்தில் போய், இடிந்த புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார் அவர். கிணறு சதுரமாக, பாறையில் வெட்டியதாக, இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வெகு ஆழத்தில் பச்சையாக, அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு தண்ணீர் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கப் பார்க்க அது அவளைக் கூப்பிட்டது.

செங்கோடன் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, நரைத்த நெஞ்சோடு, காலை மடக்கிக் குதித்தார். அவர் தண்ணீரைத் தொட்டபோது கரையில் நின்ற அவளும் நனைந்தாள். மேலே வந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். இப்படிச் சிரிக்கிற ஆளை அவள் பார்த்ததில்லை. பிறகு எதிர்ப்பக்கம் நீந்திப்போய், சுவரில் துருத்திக்கொண்டிருந்த கற்படிகளைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். முதுகு அவள் பக்கம் இருந்தது. பாதிச் சுவர் ஏறியிருந்தார்.

மயிலாத்தாளுக்கு நீச்சல் தெரியாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எத்தனை பேருடைய வயிற்றின் வழியாக, எத்தனை பேருடைய பேச்சின் வழியாக வந்த சந்தோஷம் அது! ஒரு தடவையாவது நேராக, தன் உடம்பிலேயே வர வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். குதித்தாள்.

இந்த இடத்தை ஊர்க்காரர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். முதல் குதிக்குச் சிலிர்த்துவிட்டு, திரும்பக் கண் அயர்ந்தவர்கள், இரண்டாவது குதிக்கு விழித்தார்கள். இது வேறு குதி என்று விழும்போதே தெரிந்தது. கால் மடங்கவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறியது. கீழே போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். சேலை காலைச் சுற்றியது. சேலையே கட்டாத ஆம்பளைகளுக்கும் சுற்றியது. ஜெயசீலி கத்திரிக்கோலைப் போட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த ஆசாரி பழனியப்பன் கண்ணைத் திறக்காமலேயே, "உதைடா! காலை உதை!" என்று கத்திக்கொண்டு உதைத்தார். ஓட்டின் கீழே, வேப்பமரத்தடியில், டீக்கடைப் பெஞ்சில், நீச்சல் தெரிந்த ஒவ்வொருவரும் உதைத்தார்கள். மறந்துபோயிருந்த கைகள் தாமாக முன்னால் நீண்டு, தண்ணீர் இல்லாத காற்றை அள்ளிப் பின்னால் தள்ளின. லாரியின் நிழலில் படுத்திருந்த நாச்சிமுத்து புழுதியில் குப்புறப் புரண்டு நீந்தினார்.

தண்ணீருக்கு அடியில் மயிலாத்தாளின் கால்கள் அவள் சொல்லாமலேயே உதைத்தன. ஒரு கால் ஆசாரியின் உதையை உதைத்தது, இன்னொரு கால் வேறு யாருடையதையோ உதைத்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் உதைத்தன. கைகள் அகலமாக, அடுத்தவர் கைகளைப் போல விரிந்து தண்ணீரைப் பிளந்தன. வெளிச்சம் கிட்ட வந்தது. தலை மேலே வந்தது. மூச்சு வந்தது. செங்கோடன் சுவரிலிருந்து அப்படியே பின்பக்கமாக விழுந்து அவளை நோக்கி வருவதற்குள், அவள் கோணல்மாணலாக நீந்திப்போய்க் கற்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு இருமினாள்.

"பைத்தியக்காரி" என்றார் அவர், எட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. "உனக்கு நீச்சத் தெரியாதல்ல!"

"ஆமாங்க, தெரியாது" என்றாள் அவள், இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்.

ஈரத்தலையோடு அவர்கள் வண்டி வீதிக்குள் நுழைந்தபோது, கிழவர்களும் குமரிகளுமாக ஊர் வாசல்களில் நின்றது. எல்லாரும் கையைக் கையைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார்கள். ஆசாரி மட்டும் வந்து, "அகட்டி உதைக்கோணும் சாமி. நீ சைக்கிள் மிதிக்கற மாதிரி மிதிச்சீன்னா முழுகத்தான் செய்வ" என்றார். நாச்சிமுத்து தலையெல்லாம் புழுதியாக நின்றார். கேட்டிருந்தால்கூட மயிலாத்தாள் மறைத்திருப்பாளோ என்னவோ. அவர் கேட்காமல் நின்றதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"புகையிலைத் தோட்டத்துலீங்கண்ணா" என்றாள். "கொட்டாய்க்குப் பொறவால."

செங்கோடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவும் இல்லை. ஆடு வாங்கினார், அறுத்தார், மாட்டினார், கை கழுவினார். அவள் தட்டில் போட்டதைத் தின்றார்.

நாச்சிமுத்து மறுநாளே போனார். லாரியோடு போனவர் வெகுநேரம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தாராம். ஊற்றைப் பார்த்தாராம். மோட்டாரை இறக்கினால் ஒரு பகலுக்கு இறைக்கும், மறுநாள் பாறைதான் இருக்கும் என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தண்ணீர் சாகிற விதத்தை அவரைவிட அதிகம் பார்த்தவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. லாரியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு வந்தார். திருப்பூருக்குப் போன் போட்டுத் தோட்டத்துக்காரரிடம் அவரே பேசினார். வீட்டுக்கு ஒரு குடம், அதுவும் கயிற்றில் சேந்தி, தலையில் சுமந்துவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரும் சேந்தக் கூடாது என்று ஊர் பேசி முடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மயிலாத்தாள் கடையில் ஒரு ஆடுதான் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே ஆட்டில் வேண்டும், நகத்தளவு வந்தாலும் போதும் என்றார்கள். நடக்க முடிந்தவர்கள் தின்ற கையோடு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முடியாதவர்களும் பச்சைப்பிள்ளைக்காரிகளும் வீட்டில் படுத்துக் காத்திருந்தார்கள்.

செங்கோடன் கை கழுவிவிட்டு வந்து பாயை விரித்தார்.

"போகலீங்களா?" என்றாள் மயிலாத்தாள். அந்த வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எதுக்கு? வரிசையில நிக்கறதுக்கா?" சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவளும் சற்றுத் தள்ளித் தரையில் படுத்தாள். இரண்டு பேரும் தூங்கவில்லை. வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு, சொல்லியிருக்கக் கூடாதோ, அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே இடத்தையும் கூறு போட்டு விற்றுவிட்டோமோ என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, வயிறு நெஞ்சுக்கு ஏறியது. அவருக்கும் ஏறியது, முதுகு விறைத்ததில் தெரிந்தது. அதுவரை தண்ணீரை ஊருக்குக் கொடுத்தே பழகிய உடம்பு, வாங்கத் தெரியாமல் கையால் பாயைப் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் விழுந்துகொண்டிருந்தார்கள். காற்று காதில் கூவியது. குளிர்ச்சிக்காக இருவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

'பளீர்' என்று வயிற்றில் ஓர் அறை விழுந்தது.

செங்கோடன் "அம்மா!" என்று எழுந்து உட்கார்ந்தார். மயிலாத்தாள் வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டாள். பக்கத்து வீட்டில் பச்சைப்பிள்ளைக்காரி கோகிலா "ஐயய்யோ" என்று கத்தியது கேட்டது. அந்த எரிச்சலுக்குப் பின்னால்தான் மெதுவாகக் குளிர்ச்சி வந்து சேர்ந்தது.

"எவன்டா அது, தவளையாட்டம் குப்புற உழுந்தவன்?" செங்கோடன் பனியனைத் தூக்கிச் சிவந்துபோயிருந்த வயிற்றைப் பார்த்தார். "லாரிக்காரன். அவனாத்தான் இருக்கும். அந்தத் தொப்பைக்கு இப்பிடித்தான் உழுகும்."

மயிலாத்தாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் வயிறு இன்னும் எரிந்தது. அவள் சிரித்தது அவர் வயிற்றிலும் குலுங்கியது. அவர் கோபமாகவே இருக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அதற்குள் அடுத்த ஆள் குதிக்கிற ஏற்றம் இருவர் நெஞ்சுக்கும் வந்தது. இருவரும் பயந்துபோய் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். இது ஆசாரி, நல்ல குதி. தண்ணீர் வாய் திறந்து வாங்கிக்கொண்டது.

மூன்றாவதும் குப்புறத்தான் விழுந்தது. செங்கோடன் எழுந்துவிட்டார். கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டார்.

"இவனுகளுக்குக் குதிக்கறதுக்குச் சொல்லிக் குடுக்காட்டி ஊரே ஆஸ்பத்திரில கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் மொபெட்டை இறக்கினார். வண்டியைக் கிளப்பவில்லை. ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏம்புள்ள, கதவைப் பூட்டிட்டு வெரசலா வா. லாரிக்காரன் மறுக்கா குதிக்கறதுக்கு மேலேறிட்டு இருப்பான்."